ஒரு சைஸ் பெரிசு

காலையில் கண் விழித்ததும் கவியா முதலில் தேடுவது அந்த நோட்டைத்தான். தலையணைக்குப் பக்கத்தில், நூல் கயிற்றில் கட்டிய பேனாவோடு அது இருக்கும். முதல் பக்கத்தை அவள் படித்து முடிக்கிறவரை செங்கம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. பால் பொங்கி அடங்கிய பிறகும் கரண்டியால் அதைக் கிளறிக்கொண்டே நிற்பாள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்கு மனப்பாடம்.

'என் பெயர் கவியா. வயது இருபத்திரண்டு. ஆகஸ்ட் மாதம் பைக் ஆக்சிடென்ட். தலையில் அடி. புதிதாக நடப்பது எதுவும் எனக்கு நினைவில் நிற்காது. பயப்பட வேண்டாம். இது பூஞ்சேரி வீடு. அம்மாவும் அப்பாவும் கூட இருக்கிறார்கள். நான் ஹெல்மெட் பக்கிளைப் போடவில்லை. அதனால்தான் இப்படி ஆனது.'

எழுத்துகள் கவியாவுடையவைதான். ஆனால் ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரிந்திருக்கும்.

"அம்மா."

செங்கம்மாள் டீயோடு வருவாள்.

"சாரிம்மா. பக்கிள் கூடப் போடாம போயிருக்கேன் பாரு. உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்."

"வுடு கண்ணு. டீ ஆறுது, குடி."

மூன்று மாதங்களுக்கு மேலாக ஒவ்வொரு காலையும் இதேதான். கவியாவுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறை. அதனால் அவள் குரலில் அலுப்பு வராது, சடங்காகவும் ஆகாது. உண்மையாகவே வருந்தி, உண்மையாகவே கண் கலங்குவாள். அந்தப் புதிய கண்ணீரைத்தான் செங்கம்மாளால் தாங்க முடியவில்லை. பழகிப்போன கண்ணீராக இருந்தால் ஒருவேளை பழகியிருப்பாள்.

பைக் வாங்கியதே கவியாவுக்கு நினைவில்லை. விபத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களும் சேர்ந்தே அழிந்துவிட்டன. செல்போனில் இருக்கும் போட்டோவைக் காட்டினால், "நானா வாங்கினேன்? கலரு சூப்பரா கீதும்மா" என்பாள். சிறுசேரியில் வேலை கிடைத்து ஐந்தாவது மாதம் அவள் வாங்கிய வண்டி அது. ஸ்கூட்டி போதுமே என்று எல்லோரும் சொன்னார்கள். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு பைக்கு?" என்று தெருவே கேட்டது. "வண்டிக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியுமா அத்தே?" என்று கவியா திருப்பிக் கேட்டாள்.

ஹெல்மெட் வாங்க அம்மாவும் மகளும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். கணவர் பெஞ்சமின் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அன்றைக்கு அவருக்கு டியூட்டி. ரோட்டோரத்தில் குவித்து வைத்து விற்பது வேண்டாம், கடையில் முத்திரை பார்த்து வாங்கு என்று அனுப்பியிருந்தார். கடைக்காரர் கவியாவின் புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்தார். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து மாட்டிவிட்டார்.

"கன்னத்த யாரோ புடிச்சுக் கிள்ற மாதிரி கீது" என்றாள் கவியா. வாய் குவிந்து மீன்குஞ்சு போல இருந்தது.

"அப்படித்தாம்மா இருக்கணும். பத்து நாள்ல உள்ள கீற ஸ்பாஞ்சு அமுங்கிடும். தலைய ஆட்டு. தலையோட சேர்ந்து ஆடணும், அது தனியா ஆடக் கூடாது."

செங்கம்மாள் அந்த அழுந்திய கன்னங்களைப் பார்த்தாள். "இதுல ஒரு சைஸ் பெருசு குடுங்க."

"இது சரியான அளவும்மா."

"தல வலிக்கும் அதுக்கு. கொண்டையும் போடும். அவங்கப்பாவும் ஆத்திர அவசரத்துக்குப் போட்டுக்குவாரு. பெருசு குடுங்க."

"யம்மா, இது ஸ்கூல் யூனிபார்ம் இல்ல. இவங்க இன்னா, இனிமேதான் வளரப் போறாங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கவியாவும் சிரித்தாள். செங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சின்ன அளவில் நிறைய தேங்கிக் கிடக்கிறதுபோல, அதைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று தோன்றியது.

அவள் வாழ்க்கையில் எதையும் அளவாக வாங்கியதில்லை. செய்யூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் கூலிக்குப் போன வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பாவாடை, இடுப்பில் இரண்டு சுற்று மடித்துக் கட்டியது. கவியாவின் யூனிபார்மில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்து வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்தாள். ஷூவுக்குள் பேப்பரைத் திணித்து அனுப்பினாள். அளவாகப் போடுவது, ஆண்டுதோறும் புதுசு வாங்க முடிகிறவர்களின் பழக்கம். பெரிசாக வாங்குவதுதான் அவளுக்குத் தெரிந்த அன்பு. நாளைக்கும் நீ இருப்பாய், வளர்வாய், உனக்கு இது அப்போதும் ஆகும் என்று சொல்வது போல.

பெரிய அளவைப் போட்டுக்கொண்டு கவியா தலையை ஆட்டினாள். ஹெல்மெட் அரைச் சுற்றுத் திரும்பி நின்றது.

"அம்மா, உள்ள இன்னொருத்தர் குடித்தனம் இருக்கலாம்."

"துணி வெச்சுத் தச்சுத் தரேன், வா."

கையுறையை மட்டும் கவியா தானே பார்த்து வாங்கினாள். அது அவள் கைக்கு அளவாக, தோல்போல ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் செங்கம்மாள் கைத்துண்டு ஒன்றை நான்காக மடித்து ஹெல்மெட்டுக்குள் உச்சியில் வைத்துத் தைத்தாள். வேலை பார்க்கும் ரிசார்ட்டில் தலையணை உறை தைத்துப் பழகிய கை. தையல் நேராக வந்தது. அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது வாரம், சாயங்காலம் ஐந்தரை மணி. திருப்போரூர் தாண்டி வருகிற வழியில் லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்ட் மணல் வளைவில் பரவிக் கிடந்திருக்கிறது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜெகதீசன்தான் பார்த்தவர். ஆம்புலன்சுக்கு போன் செய்ததும் அவர்தான். அன்றைக்கே ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டார்.

"பொண்ணு மெதுவாத்தான் வந்துகினு இருந்துச்சு யக்கா. மண்ணுல சர்ருனு வாரிடுச்சு. இது தனியா உருண்டு போய் சவுக்குத் தோப்புல கெடந்துது. ஒரு கீறல் இல்ல, பாரு."

அவர் அதை அவள் மடியில் வைத்துவிட்டு பெஞ்சமினைத் தேடிப் போனார். செங்கம்மாள் வராந்தா பெஞ்சில் தனியாக இருந்தாள். உண்மையாகவே ஒரு கீறல் இல்லை. கடையிலிருந்து வந்தது போலப் பளபளவென்று இருந்தது. அதைத் திருப்பினாள். உள்ளே அவள் தைத்த துண்டு. கீழே நாடா.

பக்கிள் பூட்டியிருந்தது.

பூட்டியபடியே தலையை விட்டுக் கழன்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தாளோ. துண்டின் தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துண்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு அவள் கட்டைவிரல் பக்கிளைத் திறக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. 'டிக்' என்றது. தான் அழுத்தியதாக அவளால் இன்றும் சொல்ல முடியவில்லை. விரல் அழுத்தியது, அவ்வளவுதான். ஆனால் அந்த விரல் யாருடையது?

பெஞ்சமினோடு வந்த போலீஸ்காரர் தொங்கிக்கொண்டிருந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தார். "பக்கிள் போடல. நெறைய பேரு இப்படித்தான், சும்மா தலைல கவுத்துக்கினு போறது." பெஞ்சமின் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். "எத்தினி வாட்டி சொன்னேன், எத்தினி வாட்டி சொன்னேன்" என்றார்.

யாரும் செங்கம்மாளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் வெகுநாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கவியா பதினோராம் நாள் கண் திறந்தாள். கைகளில் மட்டும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. கையுறைகள் தேய்ந்து நூல்நூலாகப் போயிருந்தன, உள்ளே இருந்த உள்ளங்கைகள் குழந்தையுடையவை போல இருந்தன. அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் செங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அளவாக வாங்கியது காப்பாற்றியிருந்தது.

செங்கல்பட்டில் நினைவுப் பயிற்சி கொடுக்கிற சங்கரி மேடம்தான் நோட்டு வைக்கச் சொன்னார். "தூங்கி எந்திரிச்சா எல்லாம் போயிடும். அதனால எழுதினதுதான் அவங்களுக்கு ஞாபகம். முதல் பக்கத்துல உண்மையை மட்டும் எழுதுங்க. என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி." பெஞ்சமின் சொல்லச் சொல்ல கவியா எழுதினாள். செங்கம்மாள் பக்கத்தில் நின்று, பேனா விழாமலிருக்க நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு கீர்த்தனா வந்தாள். கவியாவோடு காலேஜில் படித்தவள். அதனால் அவளைக் கவியாவுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னாடி, இப்படி ஊதிட்ட?" என்றாள் கவியா.

"போன வாரமும் இதையேதான்டி கேட்ட. மாத்திக் கேளு."

"போன வாரமும் ஊதித்தான இருந்திருப்ப?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். செங்கம்மாள் வேர்க்கடலையை உரித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். கீர்த்தனா புது ஸ்கூட்டி வாங்கியிருந்தாள். ஓட்டிப் பழகி ஒரு வாரம்தான். ஹெல்மெட்டைக் கையிலேயே கொண்டு வந்திருந்தாள்.

கவியா உடனே நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இத படி" என்றாள். "படிச்சியா? பக்கிள் போடலடி நான். அதான் இப்படி உக்காந்துகினு கீறேன். நீ போடு. இப்பவே போட்டுக் காட்டு."

கீர்த்தனா மாட்டினாள். பூட்டினாள். டிக்.

"போதுமா டீச்சர்?"

"குட் கேர்ள்."

கீர்த்தனா நாட்டியக்காரி போலக் கழுத்தை வெட்டினாள். தலை ஒரு பக்கம் போக ஹெல்மெட் சாவகாசமாகப் பின்னால் வந்து, அவள் ஒரு கண்ணை மறைத்து நின்றது.

கவியா குலுங்கிச் சிரித்தாள். "ஏய், உள்ள இன்னொருத்தர் குடித்தனம் இருக்கலாம்டி!"

செங்கம்மாள் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. அதே வார்த்தைகள், அதே சிரிப்பு. கடை அவளுக்கு நினைவில் இல்லை. ஆனால் சிரிப்பு எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

எழுந்து கீர்த்தனாவிடம் போனாள். "இது யாரு வாங்கித் தந்தது?"

"அண்ணனோடது ஆண்ட்டி. அவன் புதுசு வாங்கிட்டான்."

"பெருசு. இது வேணாம், மாத்திடு."

"அதான் பக்கிள் போட்டுட்டேனே ஆண்ட்டி. கவியாவே சொல்றாளே, பக்கிள்தான் முக்கியம்னு."

செங்கம்மாள் ஹெல்மெட்டின் பின்பக்க விளிம்பில் விரல்களைக் கொடுத்து மேலே தள்ளினாள். பலமாகக்கூட இல்லை. அது முன்பக்கமாக உருண்டு, கீர்த்தனாவின் முகத்தை வழித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கலைந்த முடியோடு அந்தப் பெண் விழித்தாள். ஹெல்மெட்டை அவள் முன்னால் செங்கம்மாள் நீட்டினாள். பக்கிள் பூட்டியபடியே இருந்தது.

கவியாவின் சிரிப்பு மெல்ல நின்றது. அவள் நோட்டைப் பார்த்தாள், ஹெல்மெட்டைப் பார்த்தாள், மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். எதையோ கூட்டிப் பார்க்க முயன்று பாதியில் விட்டவள் போல நெற்றியைத் தேய்த்தாள்.

"தல வலிக்குதும்மா" என்றாள்.

கீர்த்தனா போகும்போது ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். அதை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன், புது ஹெல்மெட் வாங்கிய பிறகுதான் வண்டியில் ஏறுவேன் என்று அவளாகவே சொன்னாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்ற செங்கம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் கவியாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடை, அளவு, துண்டு, வராந்தா, கட்டைவிரல். ஒன்றையும் விடவில்லை.

கவியா நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நான் உன்கிட்ட தெனமும் சாரி சொல்லிக்கினு இருந்தேனா?"

"ஆமா."

"தெனமும்?"

"தெனமும், கண்ணு."

"நீ இன்னா சொல்லுவ?"

"டீ ஆறுதுன்னு சொல்லுவேன்."

கவியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தொடப்போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். அப்படியே தூங்கியும் போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்தாள். நோட்டை எடுத்தாள். படித்தாள்.

"சாரிம்மா" என்றாள். "பக்கிள் கூடப் போடாம..."

அந்த நொடியில் செங்கம்மாளின் நெஞ்சில் ஏதோ இளகி இறங்கியது. என்ன அது என்று அவளே உற்றுப் பார்த்தாள். நிம்மதி. மகளுக்கு நினைவில் நிற்காது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். கரையில் நின்று அலையிடம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்ட பேரும் ஆயிற்று, மகள் வாயிலிருந்து மன்னிப்பும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். நான்கு மாதங்களுக்கு முன்னால் அழுத்திய அதே பொத்தானை இன்று மறுபடியும் அழுத்தியிருக்கிறாள். எழுதினதுதான் ஞாபகம் என்று சங்கரி மேடம் சொன்னது அவளுக்கு இப்போதுதான் முழுதாகக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் கவியா குளிக்கப் போனபோது நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். ரிசார்ட்டில் ரூம் நம்பரும் துண்டு எத்தனை, விரிப்பு எத்தனை என்றும் எழுதுவதைத் தவிர அவள் எதையும் எழுதி வருடங்கள் ஆகின்றன. கடைசி இரண்டு வரிகளை அடித்தாள். அடித்தது தெரியட்டும் என்று ஒற்றைக் கோடாகத்தான் அடித்தாள். கீழே எழுதினாள்:

'கவியா பக்கிள் போட்டுத்தான் இருந்தாள். ஹெல்மெட் ஒரு சைஸ் பெரிசு. கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னார். கேட்காமல் வாங்கித் தந்தது நான். பூட்டியிருந்த பக்கிளை ஆஸ்பத்திரியில் திறந்ததும் நான். இத்தனை நாள் சொல்லவில்லை. செங்கம்மாள், அம்மா.'

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டில் மறுநாள் தேதியை எழுதி வைப்பது பெஞ்சமினின் வேலை. அன்றும் எடுத்தார். முதல் பக்கத்தைப் புரட்டியவர் அங்கேயே நின்றார். செங்கம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தாள். அவர் நோட்டோடு வெளியே போய், நிறுத்தியிருந்த வேனின் படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். பக்கத்தைக் கிழிக்கவில்லை. தேதியை எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பக்கிள் போடலன்னு எழுத வெச்சவன் நான்தான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலை செங்கம்மாள் அடுப்படியில் நிற்கவில்லை. டீயோடு கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கவியாவின் விரல் வரி வரியாக நகர்ந்து அடித்த இடத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டம்ளர் சுவரில் போய் மோதியது. அதற்கு மறுநாள் கவியா ஒரு வார்த்தையும் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போவட்டும் வுடும்மா, நீ வேணும்னா செஞ்ச?" என்றாள். செங்கம்மாள் அன்று முழுக்க அழுதாள். நான்காம் நாள் அந்த மன்னிப்பும் அழிந்திருந்தது. கவியா மறுபடியும் நோட்டின் எதிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மகளுக்குக் கோபமும் நிற்காது, மன்னிப்பும் நிற்காது. முன்பு ஒவ்வொரு காலையும் மகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு காலையும் மகள் முதல் முறையாகத் தெரிந்துகொள்கிறாள். எது கொடியது என்று செங்கம்மாளால் நிறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நாளும் அவள் அந்தப் பக்கத்தை மறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கவியா படித்துவிட்டு நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடலோர ரோட்டுக்குத் திரும்பியது. உச்சந்தலைத் தழும்பின் மேல் தன் சிராய்ப்பில்லாத உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"இது எனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நேத்தும் படிச்ச."

"நேத்து உன்ன இன்னா சொன்னேன்?"

"எந்திரிச்சுப் போன்னு சொன்ன."

"அதுக்கு முந்தின நாளு?"

"பேசல."

கவியா யோசித்தாள். "இன்னைக்கு?"

"இன்னைக்கு இனிமேதான் கண்ணு" என்றாள் செங்கம்மாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.